கருவாட்டு மணமும் கவுன்சிலர் கென்ஜியும்

நேற்று மேல்வீட்டில் யாரோ கருவாடு பொரித்தார்கள். லண்டன் லூயிஷாமில் இந்த மணம் வந்தால் பலர் ஜன்னலைச் சாத்துவார்கள். நான் அகலத் திறந்துவைத்துக்கொண்டு கென்ஜியை நினைத்தேன்.

உங்களுக்குக் கென்ஜியைத் தெரியாது. பிரேசிலில் பிறந்த ஜப்பான்காரன். நான் லண்டனுக்கு வந்த புதிதில் இருவருக்கும் ஒரே அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. அவன்தான் எங்கள் யூனியன் தலைவன். கூட்டம் என்றால் முதலில் சாப்பாடு, பிறகுதான் பேச்சு. பசித்தவன் எதற்கும் கை தூக்கிவிடுவான் என்பது அவன் கொள்கை. அவன் கறுப்பு பீன்ஸ் கொண்டுவருவான், நாங்கள் இடியப்பம். அவன் கற்ற ஒரே தமிழ், "அண்ணை, சாப்பிட்டியளோ?" எங்களோடு துப்புரவு வேலை செய்த மன்னார் மரியா அக்காவும் அவனுக்கு அண்ணைதான்.

ஒருநாள் மனேஜர் நாங்கள் சாப்பிடும் நிலவறையைப் பூட்டிவிட்டார். சைக்கிள் நிறுத்த வேண்டுமாம். இனி மழையில் நின்றா சாப்பிடுவது? எனக்குக் கோபம்தான், ஆனால் வேலை போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. கென்ஜியோ சிரித்துக்கொண்டே, முன்வாசல் மண்டபத்தில் சாப்பிடுவோம் என்றான்.

"அப்ப நாளைக்கு நான் கருவாட்டுக் குழம்பு வைக்கிறன்" என்றார் மரியா அக்கா.

மறுநாள் பளிங்குத் தரையில் பேப்பர் விரித்து வட்டமாக இருந்தோம். சட்டி திறந்ததும் மணம் லிஃப்டில் ஏறி எல்லா மாடிக்கும் போய்விட்டது. கோட்டுப் போட்ட கனவான்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் மட்டும் ருசி பார்க்கக் கேட்டு வாங்கி, உறைப்பில் கண் கலங்கிப் போனார். அடுத்த நாளே அறைச் சாவி எங்கள் கைக்கு வந்தது.

அதோடு கென்ஜிக்கு ஏறுமுகம். யூனியனில் பெரிய பதவி, பிறகு கவுன்சிலர். இப்போது பாராளுமன்றத்துக்கு நிற்கிறான். அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மரியா அக்கா மகளோடு தோர்ண்டன் ஹீத்துக்குப் போய்விட்டார்.

போன வாரம் வாக்குக் கேட்டு என் வாசலுக்கு வந்தான். நல்ல கோட்டு. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தான். வாடகை, குப்பைத்தொட்டி, பஸ் எல்லாம் அக்கறையாக விசாரித்துவிட்டு, கூட வந்தவர்களோடு அடுத்த வீட்டுக்கு நடந்தான். என் வாக்கு அவனுக்குத்தான், அதில் மாற்றமில்லை. ஆனாலும் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

"சோறு கறி எல்லாம் இருக்கு. ஏன் உள்ளுக்கை கூப்பிடேல்லை?" என்று மனைவி ஏசினாள்.

"சாப்பிட்டியளோ எண்டு கேப்பான், இல்லையெண்டு சொல்லுவம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றேன்.