இடுப்பில் கொடுத்த தலையணை

வேலை பார்த்த நூல் மில்லை மூடிய பிறகு ஜெயம் உப்பளம் பேட்டையில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். ஓவியம் வரையும் சுடர்விழியின் வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தாள். பிள்ளை இல்லை என்று சொல்லிப் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போனபின், அவள் முகத்தை உற்றுப் பார்த்த மனிதர் யாருமில்லை.

சுடர்விழிதான் பார்த்தாள். பெண்களைப் பற்றிய கண்காட்சிக்கு ஆளுயரப் படம் வரைய வேண்டும் என்று ஜெயத்தை நிற்கச் சொன்னாள். இடுப்பில் அணைத்துக்கொள்ள ஒரு பழைய தலையணையைக் கொடுத்தாள். மில்லில் தூக்கிய நூல்கண்டுக் கூடைக்குப் பதில் இது என்று ஜெயம் தானாகவே நினைத்துக்கொண்டாள். அந்தப் பழைய மிடுக்கோடு நின்றாள். கால் கடுத்தும் சொல்லவில்லை. படம் முடியும்வரை தினமும் தலையில் பூ வைத்துக்கொண்டு போனாள்.

"என்னாக்கா, மாப்ள பாக்க வர்றாங்களா?" என்று எதிர்வீட்டுக் கொளஞ்சி சீண்டினாள். ஜெயத்துக்கு அதுகூடப் பிடித்திருந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் சுடர்விழி துணியை விலக்கினாள். படத்தில் அவளேதான். நரையை மட்டும் கறுப்பாக்கி, மில் நாள் வயதுக்குக் கொண்டுபோயிருந்தாள். ஆனால் இடுப்பில் கூடை இல்லை, குழந்தை. அதற்கு ஜெயத்தின் மூக்கு.

"இது யாரும்மா?"

"ஒங்க புள்ளதான்க்கா. நெசத்துல இல்லாதத படத்துலயாவது குடுக்கலாம்னு."

ஜெயம் படத்தைவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "அது இல்லன்னுதான் அந்தாளு என்ன உட்டுட்டுப் போனாரு. நீயும் அது இல்லாம என்ன நிக்கவெக்க மாட்டியா?"

சுடர்விழியின் முகம் செத்துப்போயிற்று. பின்னணிச் சுவரின் நிறத்தைக் குழைத்தாள். தூரிகை குழந்தையைப் பாதத்திலிருந்து மறைத்துக்கொண்டே மெல்ல மேலே ஏறியது. மூக்கை நெருங்கியபோது, நிறுத்து என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்து ஜெயம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். மூக்கும் மறைந்தது.

மில் கூடை என்று நினைத்துத்தான் நின்றதாக அப்புறம் சொன்னாள். அதையே வரையட்டுமா என்று சுடர்விழி கேட்டதற்கும் வேண்டாம் என்றாள். இடுப்பில் வெறுங்கையை ஊன்றி நின்று காட்டினாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் சுடர்விழி அந்தக் கையை அப்படியே திருத்தி வரைந்தாள்.

மறுநாள் கண்காட்சிக்கு நல்ல கூட்டம். படத்தின் முன்னால் நின்று பேசியவர்களில் ஒருவர்கூட ஓரமாக நின்ற ஜெயத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, கடைசியில் அருகே போனாள். தன்னையறியாமல் கை இடுப்புக்குப் போயிற்று.

ஆளில்லாத கூடத்தில் இரண்டு ஜெயங்களும் எதிரெதிரே நின்றார்கள்.