துவக்குக்கு அகப்படாத இறால்

"அம்மா, இந்தப் பாட்டில உவமை எது?" என்று மகள் பாடப்புத்தகத்தை நீட்டினாள். துள்ளித் திரியும் ஒரு குழந்தையைப் பற்றிய பாட்டு. முதல் வரியிலேயே எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது.

என் சின்ன வயதில், எங்கள் ஊர் பனிச்சங்கேணியில், அப்பாவும் தம்பியைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக்காட்டுவார். 'அத்தாங்கு வலையில் துள்ளும் இறால் போல' என்ற இடத்தில் அவர் குரல் உயரும்.

"என்னப் பத்தியும் எழுதுங்களன் அப்பா."

"நீ சும்மா இருக்கிற புள்ள. உனக்கு என்ன உவமை சொல்லுற?" என்று சிரித்தார்.

அந்த வருடம் ஆமி துவக்குகளோடு சுட்டுக்கொண்டு ஊருக்குள் வந்தபோது வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் ஒளிந்தோம். அங்கேயும் தம்பி துள்ளினான். அவன் வாயைப் பொத்தி மடியில் இறுக்கிக்கொண்டு, மாலைவரை சேற்றில் அசையாமல் இருந்தவள் நான். என் கையில் அவன் பல் பதிந்திருந்தது.

வீடு திரும்பியதும் அப்பா பாட்டில் ஒரு வரி சேர்த்தார்: 'துவக்குக்கும் அகப்படாத இறால்.'

"அம்மா, உவமை?"

"அத விடு. இந்தப் புள்ளைக்கு அக்கா இருக்கிறாவா எண்டு பார்."

மகள் விரல் வைத்துக் கடைசி வரிவரை தேடினாள்.

"இல்லம்மா."

"இருக்க மாட்டா," என்றேன்.