ஹஸீபா பாக்கி வைத்த பதில்

போர்க்காலத்தை நினைத்து ஏங்குகிறோம் என்றால் பெய்ரூட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். எங்கள் கட்டிடத்தில் யாரும் போருக்காக ஏங்கவில்லை. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற அந்தச் சின்ன இடத்துக்காகத்தான் ஏங்கினோம். தெருவுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு சுவர்கள் இருந்தன. குண்டு விழ ஆரம்பித்தால் அத்தனை மாடிக்காரர்களும் தலையணையும் காபிக் கெண்டியுமாக அங்கே வந்து நெருக்கியடித்து உட்கார்ந்துவிடுவோம். ஒருவர் தும்மினால் பக்கத்தில் பத்துப் பேர் ஆசி சொல்லுவார்கள். அப்படி ஒரு கூட்டம் அப்புறம் கல்யாண வீட்டில்கூடக் கூடியதில்லை.

அந்த இடத்தை ஆண்டவள் ஹஸீபா. அவளுடைய அழகு நிலையம் தரைத்தளத்தில் தெருவைப் பார்த்து இருந்தது. அதன் கண்ணாடி ஒரு தடவை நொறுங்கியதும் மாற்றினாள். மறுபடி நொறுங்கியபோது கண்ணாடிக்காரரைக் கூப்பிடவில்லை. நாற்காலியையும் முடி சுருட்டும் குழல்களையும் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து வியாழக்கிழமை என்றால் எங்கள் படிக்கட்டில் ஷாம்பு வாசனைதான். தண்ணீர் பிளாஸ்டிக் கேனில் வரும். முடி உலர்த்த மின்சாரம் இருக்காது, மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து உட்காரவேண்டும். வெளியே என்ன இடி இடித்தாலும் ஹஸீபாவுக்குக் கவலை ஒன்றுதான்: "தலைய ஆட்டாதே, கோணலாப் போயிடும்."

இப்படிச் சொன்னால் அவள் ஏதோ கல்நெஞ்சுக்காரி என்று நினைக்க வேண்டாம். எங்கள் எல்லோரையும்விட அதிகமாக இழந்தவள் அவள்தான்.

அவள் கணவர் அத்னான் ஷேர் டாக்ஸி ஓட்டினார். கல்யாணமாகி மூன்று வருடம்கூட ஆகவில்லை. போருக்கு நாங்கள் 'சம்பவங்கள்' என்று பெயர் வைத்திருந்த நாட்கள் அவை. ஏதோ இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்கிற மாதிரி. அன்று காலை ஹஸீபா தலைக்குக் குளித்து, தன் முடியைத் தானே தோளளவுக்கு வெட்டிவிட்டு, கொண்டை ஊசிகளைப் பல்லில் கடித்தபடி கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். குளித்து வந்தவரையும் முடி வெட்டிக்கொண்டவரையும் பார்த்து 'நயீமன்' என்று சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் கடந்து போவதில்லை. சுகமாக இரு என்பது போல ஒரு வாழ்த்து. கேட்டவர் 'இறைவன் உங்களுக்கும் சுகம் தரட்டும்' என்று திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காதது போல இருக்கும்.

அத்னான் கார்ச்சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே கதவருகே நின்று பார்த்தார். "நயீமன். மத்தியானத்துக்குக் கூஸாக் காய் பண்ணி வை, உள்ள அரிசிய நல்லா அடைச்சு. வந்துடறேன்."

வாயில் ஊசி. ஹஸீபா தலையை மட்டும் ஆட்டினாள். சோதனைச்சாவடிகளைத் தாண்டி ஊரின் அந்தப் பக்கம் போக ஒரு பயணி கீழே காத்திருந்தார். பயணியும் திரும்பவில்லை, காரும் திரும்பவில்லை, அத்னானும் திரும்பவில்லை.

இதை அவள் ஒருத்தியிடம்தான் சொன்னாள், மூன்றாம் மாடி உம்மு ஜலாலிடம். உம்மு ஜலாலிடம் ஒன்றைச் சொன்னால் கட்டிடத்துக்கே சொன்ன மாதிரி என்பது அவளுக்கும் தெரியும்.

"வாயில ஊசி இருந்துச்சு உம்மு ஜலால். துப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? அவர் வரட்டும். அந்தப் பதிலச் சொல்லிட்டுத்தான் இந்த முடியில கத்தரி வைப்பேன்."

நேர்ந்துகொண்டாள். அதன்பிறகு குளித்துவிட்டு வந்தால் தலையை இறுக்கமாகத் துணியில் கட்டி மறைத்துக்கொள்வாள். யாரும் அந்த வார்த்தையை அவளிடம் சொல்லிவிடக் கூடாது. நாங்களும் சொல்லவில்லை. ஊரார் தலைக்கெல்லாம் அவள் 'நயீமன்' சொன்னாள், அவள் தலைக்கு யாரும் சொல்லாமல் வருடங்கள் போயின.

காலையில் அத்னானின் படத்தை எடுத்துக்கொண்டு போவாள். அலுவலகம், சிறைவாசல், யாரோ தலைவரின் வீட்டு வாசல், விடுதலையாகி வந்தவன் என்று யாரைச் சொன்னாலும் அவன் வீடு. சிலர் பார்த்ததாகச் சொன்னார்கள். சிலர் அவளைப் பார்க்கவே மறுத்தார்கள். சாயங்காலம் முகம் வீங்கித் திரும்பி வருவாள். வியாழக்கிழமை என்றால் அப்படியே வந்து நாற்காலியைப் போடுவாள்.

"அழுது முடிச்சியா?" என்று உம்மு ஜலால் கேட்பாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு. முதல்ல உங்க தலையக் கழுவி விடறேன், அப்புறம் பார்த்துக்கலாம்."

"உனக்கு இருக்கிற வேதனையில இந்த ஊரு பொம்பளைங்களோட கொண்டைதான் குறைச்சலா?"

"காத்திருக்கிறதும் ஒரு வேலைதான் உம்மு ஜலால். அந்த வேலைக்கும் தலை சீவிட்டுத்தானே உட்காரணும்?"

இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நாங்கள் பிழைத்தோம் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அதுதான் உண்மை. கணவனைத் தொலைத்தவளே சீப்பை எடுத்துவிட்டாள், நமக்கென்ன கேடு என்று நாங்களும் முகம் கழுவிக்கொண்டோம். அவளுக்கு ஆறுதல் சொல்லப் போன முதல் மாடி மதாம் ஓதெத் தலையில் குழல்களோடு திரும்பி வந்தார். ஒருமுறை உம்மு ஜலாலின் தலையில் சாயத்தைப் பூசியாயிற்று, அந்த நேரம் பார்த்து கேன் நிரப்பும் குழாய் எங்கோ உடைந்து தண்ணீர் நின்றுவிட்டது, வெளியே போகவும் வழியில்லை. மறுநாள் காலையில் தண்ணீர் வந்து கழுவிப் பார்த்தால் தலை கேரட் நிறம். உம்மு ஜலாலின் கணவர் பார்த்துவிட்டு, "விளக்கு வேணாம், இவ பக்கத்துல உட்காருங்க" என்றார். குண்டுச் சத்தத்தை மீறி அன்று படிக்கட்டு சிரித்தது. ஹஸீபாவும் சிரித்தாள், கண்ணில் நீர் வர.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மின்சாரம் போய் எப்போதாவது திரும்பி வந்தால், முதலில் பார்த்தவர் மாடியிலிருந்து "வந்தாச்சு" என்று கத்துவது வழக்கம். ஒவ்வொரு தடவையும் ஹஸீபாவின் தலை வாசல் கதவுப் பக்கம் திரும்பும். திரும்பியதை மறைக்கச் சட்டைக் கையைச் சரிசெய்வாள், சீப்பைத் தேடுவாள். இதை முதலில் கவனித்தது உம்மு ஜலால். ஒரு நாள் மாடி மாடியாக ஏறி, கதவு கதவாகத் தட்டிச் சொன்னாள்: "இனிமே யாரும் வெறுமனே வந்தாச்சுன்னு கத்தக் கூடாது. கரண்ட் வந்தாச்சுன்னு முழுசாச் சொல்லணும். புரிஞ்சுதா?" சின்னக் குழந்தைகள்கூட அதைப் பழகிக்கொண்டன. பக்கத்துக் கட்டிடங்களில் எல்லாம் 'வந்தாச்சு', எங்கள் கட்டிடத்தில் மட்டும் 'கரண்ட் வந்தாச்சு'. ஹஸீபாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கேட்டதில்லை.

நடுவில் மதாம் ஓதெத்தை அவர் மகன் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். உம்மு ஜலாலின் கணவர் போய்ச் சேர்ந்தார், குண்டில் இல்லை, சர்க்கரையில். ஒரு வழியாகப் போரும் முடிந்தது. அத்னான் வரவில்லை.

அமைதி வந்ததும் செய்த முதல் காரியம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டதுதான். ஆளுக்கொரு தொலைக்காட்சி. லிஃப்ட் ஓட ஆரம்பித்தது, படிக்கட்டில் தூசி படிந்தது. ஹஸீபா கடைக்குப் புதுக் கண்ணாடி போட்டாள். ஓர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர், "இறந்துட்டார்னு ஒரு சான்றிதழ் வாங்கிக்குங்கம்மா, நீங்களும் நிம்மதியா இருக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். "நிம்மதி வேணும்னு நான் உங்கிட்ட வந்தேனா?" என்று கேட்டுவிட்டு வந்தாளாம்.

ஆனால் கழுத்து அவள் பேச்சைக் கேட்கவில்லை. பின்னல் நரைத்து, முழங்காலைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்து கனத்துப்போயிருந்தது. கை மரத்துப் போகிறது, கத்தரி நழுவுகிறது. டாக்டர் முடியைக் குறைக்கச் சொன்னார். உம்மு ஜலால் கெஞ்சினாள், திட்டினாள்.

"கத்தரி பிடிக்க முடியலன்னா எதை வச்சுடீ காத்திருப்ப?"

"இத வெட்டினா அவரப் புதைச்ச மாதிரி உம்மு ஜலால். என் கையால அதச் செய்ய மாட்டேன்."

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் மின்சாரம் போனது. போர் முடிந்தும் அது மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை. ஆறாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த இன்ஜினியர் ஸுஹைல் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். படிக்கட்டு லிஃப்டைச் சுற்றித்தான் ஏறுகிறது. பழைய திருப்பத்துக்குச் சற்று மேலே, இருட்டில் அவர் குரல் மட்டும் கேட்டது. உம்மு ஜலால் மெழுகுவத்தியும் காபிக் கெண்டியுமாக இறங்கினாள். ஹஸீபா கடையை மூடிவிட்டு, பழைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை, கால்கள் தானாக வந்தன.

"பயப்படாத மகனே," என்றாள் உம்மு ஜலால் லிஃப்டைப் பார்த்து. "நாங்க இங்க வருஷக்கணக்கா உட்கார்ந்திருந்தோம். நீ ஒரு மணி நேரம் இருக்க மாட்டியா?"

"காபி வாசனை வருதே அம்மா," என்றது குரல்.

"வாசனை மட்டும்தான் உள்ள வரும். அதையாவது அனுபவி."

அப்போது கீழேயிருந்து யாரோ சுவரைத் தடவித் தடவி ஏறி வரும் சத்தம். தடித்த கோட்டும் கையில் பெட்டியுமாக ஒரு வயதான பெண் மெழுகுவத்தி வெளிச்சத்துக்குள் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. நாற்காலியில் இருந்த ஹஸீபாவைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"மன்னிக்கணும் அம்மா. இங்க ஹஸீபான்னு ஒரு பொண்ணு இருந்தா, தலை அலங்காரம் பண்ணுவா. இன்னும் இங்கதான் இருக்காளா?"

உம்மு ஜலால் மெழுகுவத்தியை உயர்த்தினாள். "மதாம் ஓதெத், கண்ணாடியப் போட்டுப் பாருங்க."

ஓதெத் பார்த்தார். பெட்டி கைநழுவிப் படியில் விழுந்தது. "கன்னி மரியே" என்று ஹஸீபாவைக் கட்டிக்கொண்டு அழுதார், மன்னிப்புக் கேட்டார், இருட்டைக் குறை சொன்னார், கண்புரையைக் குறை சொன்னார். ஹஸீபா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு தன் பின்னலை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தலைய எத்தன தடவ என் கையால சீவியிருப்பேன், உங்களுக்கே அடையாளம் தெரியல," என்றாள் கடைசியில். "அவருக்கு எப்படித் தெரியும்?"

"ஹஸீபா, என் உசிரே, நான் வேணும்னு..."

"உங்களக் குத்தம் சொல்லல மதாம். அவர் படியேறி வந்து, என்னையே பார்த்து, ஹஸீபா இருக்காளான்னு கேட்டா நான் என்ன பண்ணுவேன்?" பைக்குள் கைவிட்டுக் கத்தரியை எடுத்து உம்மு ஜலாலிடம் நீட்டினாள். "வெட்டுங்க. தோள் வரைக்கும். அவர் போன அன்னிக்கு இருந்த அளவு."

"நானா? எனக்குப் புதினா வெட்டக்கூட ஒழுங்கா வராது."

"கோணலா இருந்தாப் பரவாயில்ல. அன்னிக்கும் நானே வெட்டிக்கிட்டதுதான், கோணல்தான்."

ஓதெத் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டார். உம்மு ஜலால் கத்தரியை வைத்தாள். பின்னல் கெட்டியாக இருந்ததால் ஒரே வெட்டில் போகவில்லை, கறுக் கறுக்கென்று அறுக்க வேண்டியிருந்தது. மூன்று பேரும் அழுதார்கள். பின்னல் மடியில் விழுந்ததும் ஹஸீபா கழுத்தை ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். எடை போனது அவளுக்கே விசித்திரமாக இருந்திருக்க வேண்டும்.

சொல்லவேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. உம்மு ஜலால் ஓதெத்தைப் பார்த்தாள், ஓதெத் சுவரைப் பார்த்தார்.

"முடி வெட்டியாச்சா?" என்று இருட்டிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. கத்தரிச் சத்தத்தைத் தவிர எதுவும் அறியாத குரல். "நயீமன்."

உம்மு ஜலாலின் கை வாய்க்குப் போனது. இந்த முறை ஹஸீபாவின் வாயில் ஊசி இல்லை.

"இறைவன் உங்களுக்கும் சுகம் தரட்டும்," என்றாள், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. லிஃப்டைப் பார்த்துச் சொல்லவில்லை. கீழே வாசல் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

சற்று நேரத்தில் மாடி விளக்கு மினுக்கி எரிந்தது, லிஃப்ட் உறுமியது. புது ஆள், கட்டிடத்தின் வழக்கம் தெரியாதவர், சந்தோஷத்தில் உள்ளேயிருந்து கத்தினார்: "வந்தாச்சு!"

ஹஸீபாவின் தலை வாசல் பக்கம் திரும்பியது. இந்த முறை அவள் எதையும் தேடுவதுபோல் நடிக்கவில்லை.

உம்மு ஜலால் பாய்ந்தாள். "கரண்ட்டுன்னு சேர்த்துச் சொல்லணும் மகனே! இந்த வீட்டுல கரண்ட்..."

"விடுங்க உம்மு ஜலால்," என்றாள் ஹஸீபா, வெட்டிய முனையைத் தோளில் ஒதுக்கிக்கொண்டு. "இனிமே அப்படியே சொல்லட்டும்."