பதினான்கு படங்களும் கவிழ்த்து வைத்த சீட்டுகளும்

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். மில்லுக்குப் போகும் நாட்களில் 4.15. வாசல் தெளித்து, பால் காய்ச்சி, 6.20க்குள் குளித்தாயிற்று. 7.00 மணிக்கு சூலூர் கடைவீதி: அரைக் கிலோ அவரைக்காய், ஒரு கட்டு முருங்கைக்கீரை, தேங்காய் இரண்டு. 8.15க்கு இட்லி. 9.00 முதல் 10.00 வரை வாரத்துக்கான ஆறு புடவைகளுக்கு இஸ்திரி. 10.15க்கு நோட்டையும் அடிக்கோலையும் எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். மதியம் தம்பி வீட்டில் பதினான்காவது படம். அதற்குள் மற்ற பதின்மூன்றையும் வரிசைப்படுத்திவிட வேண்டும் என்பது திட்டம்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த வயதில் சூப்பர் ஹீரோ படமா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பார்க்காதவர்களிடம் விளக்கிப் பயனில்லை, பார்த்தவர்கள் கேட்பதில்லை. பதினான்கும் ஒரே தொடர்: ஓர் அணை உடைந்த அன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிழைத்த ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு சக்தி. ஒருவர் படத்தில் ஓரமாக வந்துபோகும் ஆள் அடுத்த படத்தில் நாயகன் ஆகிறான். மூன்றாவது படத்தில் கதவைத் தட்டிக் கடிதம் கொடுத்துவிட்டுப் போகும் தபால்காரருக்கு எட்டாவது படத்தில் தனிக் கதை கிடைக்கிறது. ஐந்து படங்களாக அவரைச் சும்மா நடமாட விட்டிருந்த பொறுமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கைதட்டத் தோன்றும்.

எல்லாவற்றையும் நானும் தம்பியும் காந்திபுரம் பக்கத்துத் தியேட்டர்களில், தமிழில் பேசும் பிரதியாக, வெளியான முதல் ஞாயிறு அன்றே பார்த்தோம். சூலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போவோம். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கூட்டம் எழுந்துவிடும். அதற்குப் பிறகுதான் அடுத்த படத்துக்கான சின்னக் காட்சி வரும். ஒருமுறை அதற்குள் விளக்கைப் போட்டுத் துடைப்பத்தோடு வந்துவிட்டார்கள். தம்பி எழுந்து, “ஏனுங்க, ரெண்டே நிமிசமுங்க. சீட்டுக்கடியில நானே கூட்டிக் குடுத்துட்டுப் போறனுங்க” என்றான். அவர்களும் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு எங்களோடு நின்று பார்த்தார்கள்.

பதினைந்தாவது படம் வருகிறது என்ற செய்தி வந்ததும், முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்து ஒரு முறையான தரவரிசை போடலாம் என்றேன். ஆகஸ்ட் 25 அன்று தொடங்கினோம். ஞாயிறுக்கு ஒன்று, மதியம் 2.00 மணி, தம்பி வீட்டு டிவி. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு.

மதிப்பிடும் முறையை மில்லிலிருந்து எடுத்துக்கொண்டேன். நான் நூல் பரிசோதனை ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கறுப்புப் பலகையில் நூலைச் சீராகச் சுற்றி, அதன் தோற்றத்துக்குக் கண்ணால் தரம் போடுவது எங்கள் வேலைகளில் ஒன்று. ஒரே பலகையை இரண்டு மூன்று பேர் பார்ப்போம். பேசிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொருவரும் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். எல்லாரும் வைத்த பிறகுதான் திருப்ப வேண்டும். அடுத்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு எழுதினால் அது மதிப்பே இல்லை.

அதேபோல, கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்துக்கு இத்தனை என்று எழுதி, கவிழ்த்து, பிறகு திருப்புவோம். தம்பி மனைவிக்கு இது பெரிய வேடிக்கை.

“அக்காளும் தம்பியும் பரிச்சைப் பேப்பர் திருத்தறாங்களாட்ட இருக்குது. ஏனுங்கண்ணி, அந்தப் பறக்கறவன் வந்தா மாவாட்டிக் குடுப்பானான்னு கேட்டுச் சொல்லுங்க.”

“அவன் எங்க பறக்கறான்? மூச்சைப் புடிச்சான்னா நேரம் நின்னு போகும், அவ்வளவுதான்” என்பான் தம்பி.

“அப்ப கரண்டு போறதுக்குள்ள மூச்சைப் புடிக்கச் சொல்லுங்க. நான் சட்னி அரைச்சுப்போடறேன்.”

அந்த மூச்சுப் படம்தான் முதல் படம். என் வரிசையில் அதற்கு இரண்டாம் இடம். நாயகன் மூச்சைப் பிடித்திருக்கும் வரை உலகம் அசையாது. ஆனால் அவனுக்கு ஆஸ்துமா. சக்தியையும் அதன் எல்லையையும் ஒரே நெஞ்சுக்குள் வைத்தது எத்தனை சரியான யோசனை! மூன்றாம் இடம் பாலத்துப் படம். சரிந்த பாலத்தைத் தோளில் தாங்கும் பெண், மேலே போகிறவர்கள் அவசரப்படாமல் போக வேண்டும் என்பதற்காகத் தாலாட்டு பாடுகிறாள். கடைசி இடம் பனிப் படத்துக்கு. வெடிச் சத்தம் அதிகம், காரணம் குறைவு. ஆனாலும் அதில் ஒரு நாய் பனியில் தன் காலடித் தடத்தைத் திரும்பிப் பார்க்கும் இடம் இருக்கிறது. அதற்காக அதையும் மறுபடி பார்ப்பேன்.

முதலிடம் சுரங்கப் படத்துக்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு மணி நேரப் படத்தில் வெயில் படும் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. ஒரேயொரு தொப்பி விளக்கின் வெளிச்சத்தில் முழுச் சண்டையும் நடக்கிறது. முடிவில் வில்லன் அந்த விளக்கைத் தனக்குத் தரும்படி கேட்கிறான். அவன் குரல் மிரட்டுகிறது. திரையின் இடது ஓரத்தில், இருட்டில், அவன் கை நடுங்குகிறது. இருட்டுக்குப் பயப்படும் ஒருவனைத்தான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அந்தக் கையிலிருந்துதான் தெரிகிறது. வசனத்தில் சொல்லாமல் விட்டார்கள். எவ்வளவு துணிச்சல்!

நான் அதற்குப் பத்து போட்டிருந்தேன். தம்பி நான்கு.

அந்த ஞாயிறு என் நாட்குறிப்பில் “தம்பிக்கு ரசனை குறைந்துவிட்டது. சத்தம் இருந்தால் போதும் அவனுக்கு” என்று எழுதியிருக்கிறேன். பனிப் படத்துக்கு நான் ஏழு, அவன் எட்டு போட்டிருந்தான். அதை வைத்து எழுதியது.

இப்போது பதின்மூன்று படங்களின் எண்களையும் இரண்டு பத்திகளாக எழுதி, வித்தியாசத்தை மூன்றாவது பத்தியில் குறித்தேன். ஒன்பது படங்களில் நாங்கள் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபடவில்லை. நான்கு படங்களில் அவன் நான்கு முதல் ஆறு வரை குறைத்திருந்தான். நான்கும் இருட்டுப் படங்கள்.

ஆய்வகத்தில் ஒருவருடைய தரம் இப்படி ஒரே பக்கமாகச் சாய்ந்தால் நாங்கள் நூலைச் சந்தேகப்படுவதில்லை. முதலில் பலகைக்கு மேலுள்ள விளக்கைச் சோதிப்போம். பிறகு பார்த்தவருடைய கண்ணை.

பீரோவிலிருந்து பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். சுரங்கப் படத்தைத் தியேட்டரில் பார்த்த நாள் கிடைத்தது. “தம்பி ஒன்பது என்றான். வில்லனின் கை நடுங்குவதை அவன்தான் காட்டினான். நான் கவனிக்கவே இல்லை.”

அதைப் படித்ததும் இந்த ஆண்டு நோட்டைத் திறந்தேன். தம்பி எங்கள் மில் வேனின் ஓட்டுநர். பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு கீறல் இல்லை. காலை முதல் ஷிப்டுக்கு 5.05க்கு என்னை ஏற்றுவான். வழியில் இன்னும் பத்துப் பெண்கள். மில் வாசலை அடையும் நேரத்தை நான் தினமும் எழுதுகிறேன். ஜூன் மாதத்தில் 5.40. செப்டம்பரில் 5.45. போன வாரம் 5.51. ஷிப்டு ஆறு மணிக்கு என்பதால் யாரும் கேட்கவில்லை. மதியம் 2.30க்குப் புறப்பட்டு வெளிச்சத்தில் திரும்பும் நேரம் மட்டும் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. பதினொன்றரை மணி வரை அந்த எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் என் கையாலேயே எழுதியவை.

2.00 மணிக்குப் படம் தொடங்கியது. முதல் பாதி வெயிலில்: ஏழு பேரும் உடைந்த அணைக்குத் திரும்பி வருகிறார்கள். தம்பி வழக்கம்போல முன்னால் சாய்ந்து, ஒவ்வொருவர் வரும்போதும் விரல் மடக்கினான். பிற்பாதி அணைக்கு அடியிலுள்ள கால்வாயில், இருட்டில். அவன் நாற்காலியில் பின்னால் சாய்ந்து தலையைத் திருப்பி, காதைத் திரைக்குக் கொடுத்தான். இதை முன்பும் பார்த்திருக்கிறேன். அலுப்பு என்று நினைத்திருந்தேன்.

சீட்டுகளைத் திருப்பினோம். நான் ஒன்பது, அவன் ஐந்து.

“சுரங்கப் படத்துல, கடைசில வெளக்கைக் கேப்பானல்லொ, அப்ப அவன் கை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“எந்தக் கைங்க்கா?”

நாட்குறிப்பைப் பிரித்து அவன் முன்னால் வைத்தேன். படித்தான். சிரிக்கப் பார்த்தான்.

“அட, இதையெல்லாமா எழுதி வெப்பீங்க!”

“இருட்டுல உனக்குக் கண்ணு தெரியறதில்லையாடா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. டிவி பழசு.”

“டிவிக்கு அஞ்சு மாசத்துல பதினோரு நிமிசம் லேட்டாகாது தம்பி.”

தம்பி மனைவி சமையலறையிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது.

“ஆடி மாசத்துல இருந்துங்க்கா. பகல்ல ஒரு கொறையுமில்லீங்க. இருட்டுனா ஓரமெல்லாம் கரி பூசுனாப்பல இருக்குது.”

“அப்பறம் எப்படி ஓட்டறே?”

“முன்னால பால் வண்டி போகுதுங்கல்லொ. அதோட பின்வெளக்கைப் பாத்துட்டே போயிருவனுங்க. பள்ளம், வேகத்தடை, திருப்பம் எல்லாம் மனப்பாடமுங்க.”

“பால் வண்டி வராத அன்னைக்கு?”

“மெதுவாப் போவனுங்க.”

ஒரு சிவப்பு விளக்கையும் ஞாபகத்தையும் வைத்துக்கொண்டு பதினோரு பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். படத்தில் ஒருவன் இதைச் செய்திருந்தால் நான் பத்து போட்டிருப்பேன்.

“நாளைக்கு நீ ஓட்டக் கூடாது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகோணும்” என்றேன்.

“அங்க போயிச் சர்க்கரையினால வந்ததுன்னு தெரிஞ்சா மில்லுல வண்டியே குடுக்க மாட்டாங்க்கா. எனக்கு வேற என்ன வேலை தெரியும்? பொங்கல் வரைக்கும் பொறுங்க. நானே போயிப் பாத்துப்போடறேன்.”

“நீ சொல்லலையின்னா நான் மில்லுல சொல்லிப்போடுவேன்.”

“சொல்லிப்போடுவீங்களா?”

“சொல்லிப்போடுவேன்.”

“சொந்தத் தம்பியவா?”

“அந்த வேன்ல உக்கார்ற பொம்பளைகளுக்கும் தம்பி இருப்பான்.”

எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டான். தம்பி மனைவி என்னைப் பார்க்கவில்லை. “என்கிட்டக் கூடச் சொல்லலீங்கண்ணி” என்று மட்டும் சொல்லிவிட்டு, திருப்பியபடியே கிடந்த இரண்டு சீட்டுகளையும் எடுத்து என் நோட்டுக்குள் வைத்தாள். பனியன் துணி காயும் கொடிக்கு அப்பால் அவன் குத்தவைத்து உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் கிளம்பவில்லை. 5.10 ஆனது. 5.30 ஆனது. அவளுக்கு அவரைக்காய் நார் உரித்துக் கொடுத்தேன்.

5.45க்கு, வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது, உள்ளே வந்தான். சுவர் ஓரமாகக் கையை ஓட்டிக்கொண்டு வந்தான். இதுநாள் வரை எப்படி இதைப் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

“மாத்து டிரைவர்கிட்ட நானே சாவியைக் குடுத்துப்போடறனுங்க்கா. கண்ணு பாக்கப் போறேன்னு மேஸ்திரிக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

“சரி.”

“காத்தால நீங்களும் கூட வாங்க. தனியாப் போயிக் குடுக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குது.”

வீட்டுக்கு வந்து அட்டவணையை முடித்தேன். இன்று பார்த்ததையும் சேர்த்து ஐந்து இருட்டுப் படங்களுக்கும் அவன் இந்த முறை போட்ட எண்களை வெட்டவில்லை. பக்கத்தில் ‘பார்வை சோதிக்கப்படவில்லை’ என்று குறித்து, தியேட்டரில் பார்த்தபோது அவன் சொன்னவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். சுரங்கப் படம் முதலிடத்தில் நின்றது. ‘தம்பிக்கு ரசனை குறைந்துவிட்டது’ என்ற வரியை ஒரு கோடு போட்டு அடித்து, ஓரத்தில் தேதி எழுதினேன்.

நவம்பர் 25, திங்கட்கிழமை. 3.50க்கு எழுந்தேன். முதல் வேலையாக, முகம் கழுவியதும், தம்பி வீட்டுக்குப் போனேன். சட்டை மாற்றித் தயாராக நின்றான். மாற்று ஓட்டுநர் வீடு கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில். நடந்து ஏழு நிமிடம். தெருவிளக்கு முடியும் இடத்தில் அவன் நடை தயங்கியது. கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டான். சந்தைக் கடக்கும் வரை விடவில்லை. சாவியை அவனே கொடுத்தான். மணி 4.26.