பட்டாணி அளவு ஜெல்லும் பத்தடி பேனரும்

சிம்மக்கல்லில் நான் வழக்கமாகப் போகும் ஃப்ளெக்ஸ் கடையின் டிசைனர் போன புதன்கிழமை ஒரு வார்த்தை சொன்னார். அதைக் கேட்டு நான் போட்ட கூச்சலில், கடை வாசலில் நின்ற ஆட்டோக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

டிசைனர் சொன்னது இவ்வளவுதான்: “இந்த மூஞ்சில எனக்கு வேலையே இல்லையேக்கா!”

இதில் கூச்சல் போட என்ன இருக்கிறது என்கிறீர்களா? பதினைந்து வாரக் கதை இருக்கிறது. கேளுங்கள்.

வாரா வாரம் வரும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். எனக்குப் பொறுமை கிடையாது. குக்கர் அடங்குவதற்குள் கரண்டியால் விசிலைத் தூக்குகிற ஆள் நான். டவுன் பஸ் பசுமலை ஸ்டாப்புக்கு வருவதற்கு முன்பே படியில் நிற்பேன். எங்கள் வீட்டில் மாவு புளிப்பதற்குள் இட்லி ஆகிவிடும். கணவர் அதையும் சாப்பிட்டுவிடுவார், பாவம்.

என் தம்பி கார்த்தி எனக்கு நேர் எதிர். நிதானம். டி. கல்லுப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறான், வயது இருபத்தேழு. முகம் நிறையப் பரு. பதினாறு வயதில் வந்தது. போகிற வழியைக் காணோம். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்... போன தை மாதம் எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசம் நடக்கும் வரை.

மதுரையில் பேனர் இல்லாமல் ஒரு விசேஷமா? அன்றைக்கும் இதே கடை, இதே டிசைனர். கார்த்தியின் போட்டோவைப் பெரிதாக்கி, பருக்களை ஒவ்வொன்றாக அழித்தார். அழித்தார், அழித்தார்... கடைசியில் புது சோப்பு மாதிரி வழவழவென்று ஒரு முகம் வந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லி பிரிண்ட் போடச் சொன்னவளே நான்தான்.

விசேஷத்தன்று என் மகள் யாழினி அவள் அப்பாவின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு பேனரைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. ஒவ்வொரு படமாக விரலை நீட்டினாள். அம்மா. அப்பா. தாத்தா. அடுத்து கார்த்தியின் படம்.

“இது யாரு?”

கூட்டமே சிரித்தது. நானும்தான். பக்கத்தில் நின்ற கார்த்தியும் சிரித்தான். ஆனால் பந்திக்கு உட்காரவில்லை. “கடையில லோடு எறங்குதுக்கா, போறேன்” என்று கிளம்பிவிட்டான்.

வைகாசி மாதம் யாழினிக்குக் காதுகுத்து வைப்பது என்று முடிவாயிற்று. ஆவணிக் கடைசியில் நாள். காதுகுத்து என்றால் எங்கள் பக்கம் தாய்மாமன்தான் ராஜா. சீர் அவனுடையது. பிள்ளை உட்காரும் மடி அவனுடையது. பேனரில் பெரிய படமும் அவனுடையதுதான். சந்தோஷமாக அவனுக்குப் போன் போட்டேன்.

“சீரு செனத்தியெல்லாம் ஒரு கொறையில்லாமக் கொண்டு வாரேங்க்கா. ஆனா என் போட்டோ பேனர்ல வேணாம். புள்ளைய மடியில வைக்கிறதுக்கும் சித்தப்பா மகனைக் கூப்புட்டுக்க.”

“ஏன்டா?”

“என் மருமகளுக்கே அது யாருன்னு தெரியலையே. இருக்குற மூஞ்சியப் போட்டா ஒனக்கு அசிங்கம். அழிச்சுப் போட்டா எனக்கு அசிங்கம். எதுக்குக்கா இம்புட்டு வம்பு?”

கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது, என் மகள் வேறொருவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்வதா? மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போய்விட்டேன்.

டாக்டரம்மா அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பருவுக்குத் தடவுகிற ரெட்டினாய்டு வகை ஜெல் ஒன்றை எழுதிக்கொடுத்தார்.

“ராத்திரி முகம் கழுவி, ஈரம் நல்லாக் காஞ்ச பிறகு போடுங்க. முகம் முழுசுக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். பகல்ல வெளிய போனா சன்ஸ்கிரீன் கட்டாயம்.”

“எத்தனை நாள்ல போகும் டாக்டர்?” கேட்டது யார் என்று சொல்ல வேண்டுமா?

“வித்தியாசம் நல்லாத் தெரியுறதுக்குப் பன்னெண்டு வாரம் ஆகும்மா. மொத மாசம் கூடுன மாதிரிகூட இருக்கும். உள்ள கிளம்பிக்கிட்டு இருக்கிற பருவெல்லாம் முன்னாடியே மேல வந்துரும். பயந்துபோய் நிறுத்திராதீங்க.”

பன்னிரண்டு வாரம்! இந்தப் பத்தியில் பன்னிரண்டு கட்டுரை எழுதி முடித்திருப்பேன். விரல்விட்டு எண்ணினேன். காதுகுத்துக்குப் பதினைந்து வாரம் இருந்தது. சரி, மூன்று வாரம் மிச்சம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் வாரம் முகம் வறண்டு செதில் செதிலாக உரிந்தது. மூன்றாம் வாரம் வீடியோ காலில் பார்த்தால்... நெற்றியில் புதிதாக ஒரு படையே வந்து இறங்கியிருந்தது. உரம் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் வைத்தியம் சொல்கிறார்களாம். கடலைமாவு என்கிறார் ஒருவர், கற்றாழை என்கிறார் இன்னொருவர்.

எல்லாம் டாக்டர் சொன்னபடிதான் நடந்தது. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளுமா?

“பட்டாணி அளவு போட்டா எப்படிடா கேக்கும்? ஒன் மூஞ்சி என்ன பட்டாணி சைஸா? கூடப் போடு. காலையிலயும் ஒரு தடவை போடு” என்றேன்.

அவன் தயங்கினான். ஆனால் அக்கா சொல்லிவிட்டேனே. போட்டான்.

நாலாம் நாள் போன் வந்தது. குரலே சரியில்லை. “மூஞ்சி தீயா எரியுதுக்கா. தண்ணி பட்டாலே தாங்கல.” ஓடினேன். கன்னம் இரண்டும் சிவந்து, வீங்கி, தோல் உரிந்து கிடந்தது. அதைச் செய்தது ஜெல் இல்லை, நான்தான்.

வாரா வாரம் ஊருக்கே யோசனை சொல்கிறவள், டாக்டரம்மா முன்னால் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கார்த்தியிடம் கேட்டார்.

“நீங்க என்ன தொழில் பண்றீங்க?”

“உரக்கடை டாக்டர்.”

“பயிர் சீக்கிரம் வளரணும்னு ஒருத்தர் மூணு மடங்கு யூரியா போட்டா என்ன ஆகும்?”

“கருகிப் போயிரும்.”

“அப்படிப் போட நெனைக்கிறவர்கிட்ட என்ன சொல்லுவீங்க?”

“அளவாப் போடுங்க, பொறுமையா இருங்கன்னு சொல்லுவேன்...” சொல்லிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் என்னைச் சுடுகிறது.

ஒரு வாரம் ஜெல்லை நிறுத்தச் சொன்னார். அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அதே பட்டாணி அளவு. நான் அவசரப்பட்டுச் சம்பாதித்தது தாமதம்தான். கையிலிருந்த மிச்ச வாரங்கள் கரைந்துபோயின.

வெளியே வந்ததும் கார்த்தி வாழ்க்கையிலேயே முதன்முறையாக எனக்கு ஒரு சட்டம் போட்டான்.

“அக்கா, இனிமே வீடியோ கால் கெடையாது. பருவைப் பத்திக் கேக்கவும் கூடாது. காதுகுத்து வாரத்துல எனக்கே திருப்தியா இருந்தா, நேரா பேனர் கடைக்குப் போட்டோ அனுப்புறேன். போட்டோ வந்தா மடியில வைக்க நான் வாரேன். வரலைன்னா சித்தப்பா மகன்.”

பத்து வாரம்! அவன் முகத்தைப் பார்க்காமல் பத்து வாரம் இருந்தேன், நம்புவீர்களா? போனை எடுப்பேன், வைப்பேன். அவனிடம் மழையைப் பற்றிக் கேட்டேன், பொட்டாஷ் விலையைப் பற்றிக் கேட்டேன். நாக்கு நுனி வரை வந்த கேள்வியை விழுங்கினேன்.

(நடுவில் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு நேராக ஓடாதீர்கள். டாக்டரைப் பாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் தயாராகிறவர்கள் இந்த வகை மருந்தைத் தொடவே கூடாது என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார்.)

அப்படித்தான் போன புதன்கிழமை வந்தது. கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டேன். “அண்ணே... கார்த்தி போட்டோ எதுவும் வந்துச்சா?”

“காலையிலயே வந்துருச்சேக்கா.”

வந்துருச்சு! எனக்கு நாற்காலியில் உட்காரவே தோன்றவில்லை. அவர் போட்டோவைத் திறந்தார். பழக்கதோஷத்தில் மவுஸை எடுத்து, கன்னத்தைப் பெரிதாக்கி, நெற்றிக்குப் போய், தாடைக்கு வந்து தேடினார். அப்போது சொன்னதுதான் அந்த வார்த்தை. நான் போட்டதுதான் அந்தக் கூச்சல்.

மாயமந்திரம் ஒன்றும் நடந்துவிடவில்லை. தாடையில் இரண்டு பரு இருந்தது. இடது கன்னத்தில் பழைய பருக்கள் விட்டுப்போன கரும்புள்ளிகள் இருந்தன. அவை மங்க இன்னும் சில மாதங்கள் ஆகுமாம். “இந்தப் புள்ளிய மட்டும் எடுத்துரட்டுமாக்கா?” என்றார் டிசைனர். நானாக முடிவெடுக்காமல் கார்த்திக்குப் போன் போட்டேன். பாருங்கள், நான் எவ்வளவு திருந்திவிட்டேன்!

“இருக்கட்டும்க்கா. போன தடவை அழிச்சதே போதும்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டப வாசலில் பத்தடி உயரத்தில் என் தம்பி நின்றான். கீழே, சீர்த் தட்டோடு நிஜத் தம்பியும் வந்து நின்றான். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினி பேனரைப் பார்த்தாள். விரலை நீட்டினாள். அம்மா. அப்பா. தாத்தா. அடுத்து கார்த்தியின் படம்.

“கார்த்தி மாமா!”

அதோடு விடவில்லை. கிட்டே போய் மாமாவைக் குனியச் சொல்லி, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “அங்கயும் புள்ளி இருக்கு. இங்கயும் புள்ளி இருக்கு” என்று எல்லோரிடமும் சாட்சி சொன்னாள். கார்த்தி தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். என் கண்ணை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மேடையில் அவன் மடியில் அவள். ஆசாரி நிதானமாகக் காதில் இடம் பார்த்து, பேனாவால் புள்ளி வைத்து, அழித்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை.

“அண்ணே, சீக்கிரம் குத்துங்கண்ணே, புள்ள அழுதுரப் போகுது. கொஞ்சம் மேல வைங்க... இல்ல, கீழ...”

கார்த்தி நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான்.

“அக்கா... பட்டாணி அளவு!”

கப்சிப் என்று உட்கார்ந்துவிட்டேன்.