பாலத்தில் ஆட்டிய சிவப்பு மப்ளர்

போன சனிக்கிழமை மொன்றியலின் ஜோன்-தலோன் சந்தைக்கு வெண்டிக்காய் வாங்கப் போனவள், வெண்டிக்காயை மறந்துவிட்டு வந்தேன். வாசலில் ஒருவன் கரியடுப்பில் சொசேஜ் வாட்டிக்கொண்டிருந்தான். அந்தப் புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம், தொண்ணூறுகளுக்குப் போய்விட்டேன். ஜெர்மனியில் ரேகன்ஸ்பூர்க் என்றொரு பழைய நகரம், டன்யூப் ஆறு, கல்லுப் பாலம், அதனடியில் இதே புகை. வயது போனால் கால்தான் தள்ளாடும், மூக்குக்கு ஒன்றும் ஆகாது.

அப்போது நான் மொன்றியலில் ஒரு தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்குச் சிப் வைத்துக்கொண்டிருந்தேன். கனடாக் கடவுச்சீட்டு கையில் கிடைத்த புதிது. சில நாள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன், சிரிக்காதீர்கள். இங்கே எல்லோரும் பழைய துறைமுகத்துத் தெருக்களையும் குதிரை வண்டிகளையும் காட்டி "அப்படியே ஐரோப்பா" என்பார்கள். ஐரோப்பாவைக் காணாத நானும் பெரிய மனுசி மாதிரித் தலையாட்டுவேன். உண்மையிலேயே அப்படித்தானா என்று பார்க்க ஆசை. ஆனால் முதல் பயணம் போனது ஊர் பார்க்க அல்ல, தம்பி குகனைப் பார்க்க. யாழ்ப்பாணத்தில் பிரிந்தபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை.

குகன் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, ரேகன்ஸ்பூர்க்குக்கு வெளியே ஒரு கிராமத்து விடுதியில் இருந்தான். முடிவு வரும்வரை தனக்குச் சொன்ன மாவட்டத்தை அனுமதியில்லாமல் தாண்டக்கூடாது என்பது அன்றைய சட்டம். நகரமோ எல்லைக்கு அந்தப் பக்கம். ஒருமுறை தாண்டிப் பிடிபட்டிருந்தான். இன்னொருமுறை பிடிபட்டால் வழக்குக்கே கேடு என்று பயம். பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போகிற நகரத்தை அவன் கலண்டர் படத்தில்தான் பார்த்திருந்தான். விடுதிக்குப் பின்னால் ஒரு குன்று. அதில் ஏறினால் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தூரத்தில் தெரியும். பின்னேரமானால் போய் நின்று பார்ப்பானாம்.

"அக்கா, நீ போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு."

"நீயில்லாமல் எனக்கென்னத்துக்கடா ஊர் பாக்கிறது?"

"விசர்க்கதை கதையாதை. எங்களிலை ஆரேன் ஒராள் பாக்கத்தானே வேணும்."

போனேன். திரும்பி வந்ததும் சப்பாத்தைக் கழற்றக்கூட அவன் விடவில்லை. "கோபுரம் நல்லூர்க் கோயிலை விடப் பெரிசோ? உள்ளுக்கை என்ன மணக்கும்? அந்தக் கலர்க் கண்ணாடி நிலத்திலையும் நிறம் விழுத்துமோ?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: மெழுகுதிரியும் ஈரக் கல்லும் மணக்கும், நிறம் விழும், என் கையிலும் நீலமாக விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு வந்தது முக்கியமான கேள்வி.

"பாலத்தடிச் சொசேஜ் எப்பிடி?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையடா. மச்சம் மாமிசம் தின்னுவனே?"

தலையில் அடித்துக்கொண்டான். "எண்ணூறு வருசப் பாலத்தடியிலை போய் விரதம் பிடிச்ச ஒரே ஆள் நீதான்!"

அதனால் மறுநாளும் போகவேண்டியதாயிற்று. புறப்படும்போது ஒரு திட்டம் சொன்னான். "மத்தியானம் மணி அடிக்கேக்கை நீ பாலத்திலை நிண்டு மப்ளரை ஆட்டு. நான் குன்றிலை நிண்டு ஆட்டுறன்."

பாலத்தின் நடுவில் ஒரு கல் மனிதன் இருக்கிறான். நெற்றியில் கையை வைத்து, கோபுரங்கள் இருக்கிற பக்கம் கூர்ந்து பார்த்தபடி. மணி அடித்ததும் நான் அவனுக்குக் கீழே நின்று, அவன் பார்க்கும் திசையில் என் சிவப்பு மப்ளரை ஆட்டினேன். கண்ணுக்குத் தெரிந்தது முழுக்க உயரமான பழைய வீடுகளும் ஓட்டுக் கூரைகளும்தான். படகில் போன ஒரு கிழவி மரியாதைக்குப் பதிலுக்குக் கையசைத்தாள். மணி ஓயும்வரை ஆட்டினேன், தோள்மூட்டு நொந்துபோயிற்று.

குகன் பஸ் தரிப்பிலேயே காத்து நின்றான். "கண்டனான் அக்கா! சிவப்பு பளிச்செண்டு தெரிஞ்சது! நீ என்னைக் கண்டனீயோ?"

அவன் உடுத்தியிருந்த சாரத்தைப் பார்த்தேன். "காணாமல்? சாரத்தையெல்லோ ஆட்டினனீ!"

அவன் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கைப்பையில் கொண்டுவந்த சொசேஜும் பாணும் ஆறி விறைத்துக் கிடந்தன. கடுகுச் சாற்றை விரலால் வழித்து வழித்துத் தின்றான். எனக்குத் தெரியாவிட்டால் என்ன, அவனுக்காவது தெரிந்ததே என்று எனக்குப் பெரிய நிம்மதி. விமானத்தில் ஏறியபிறகுதான் அழுதேன்.

வழக்கு வென்றது. வேலை தேடி வடக்கே போனான், கலியாணம், பிள்ளைகள். "அந்த நகரத்தைப் போய்ப் பாரன்ரா" என்றால், "நீ வா, சேர்ந்து போவம்" என்பான். என் முழங்கால் விடவில்லை. அந்தச் சட்டம் இப்போது தளர்ந்துவிட்டது. விடுதியை இடித்துவிட்டார்களாம். இங்கே எங்கள் குதிரை வண்டிகளையும் நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமைப் புகையைப் பற்றித் தொலைபேசியில் அவனுக்குச் சொன்னேன். நேற்று மகளோடு ரேகன்ஸ்பூர்க் போய், பாலத்தில் நின்று வீடியோவில் அழைத்தான்.

கல் மனிதன் அப்படியே இருந்தான். கீழே என் தம்பி, நரைத்த தலையோடு, அவனைப் போலவே நெற்றியில் கையை வைத்து அதே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா தேடுறாய்?"

"எங்கட குன்றை அக்கா. இஞ்சையிருந்து தெரியேல்லை."

அப்படியென்றால் அன்று குன்றிலிருந்தும் பாலம் தெரிந்திருக்காது. அவனும் என்னைப் பார்க்கவில்லை. இருவருமே வாய்க்கு வந்ததைச் சொல்லி, மற்றவரை இவ்வளவு காலம் நம்ப வைத்திருக்கிறோம்.

"இடையிலை புதுசாக் கட்டடம் கட்டிப்போட்டாங்கள் போலை," என்றான் குகன்.

"ஓமோம், கட்டியிருப்பாங்கள்," என்றேன்.

இடையில் நின்ற வீடுகளெல்லாம் எங்கள் பூட்டனுக்கும் பூட்டன் பிறக்குமுன் கட்டியவை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குகன் மகளின் கழுத்திலிருந்த மப்ளரை வாங்கி, ஒன்றும் தெரியாத அந்தப் பக்கம் பார்த்து ஆட்டத் தொடங்கினான்.