நாடோடித் தலைவனின் ஒன்பதாவது வீடு

ஃபௌஸி வீடு மாறுகிறான் என்றால் லாரியில் முதலில் ஏறுவது கட்டிலும் அல்ல, அடுப்பும் அல்ல. கம்பளிப் போர்வையில் சுற்றிய கணினிதான். அதை வேறு யாரும் தொட விடமாட்டான். மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஏறி, மடியில் வைத்துக்கொள்வான். அவன் மனைவி நஸீஹா பின்னால் மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து வருவாள். கல்யாணமாகி பதினான்கு வருஷத்தில் எட்டு தடவை அப்படி வந்திருக்கிறாள். ஸலம்போவில் இப்போது இருப்பது ஒன்பதாவது வீடு.

வெளியே பார்த்தால் அவனை ஊர்சுற்றி என்று யாரும் சொல்ல முடியாது. துனீசியத் தலைநகர் துனிஸிலிருந்து மர்ஸா வரை போகிற கடற்கரை ரயிலுக்கு ஓட்டுநர். பத்தொன்பது கிலோமீட்டர் பாதை. போக வேண்டியது, திரும்ப வேண்டியது, மறுபடியும் போக வேண்டியது. இருந்த ஒன்பது வீடுகளும் அதே பாதையை ஒட்டித்தான். ஒரு வீட்டில் பக்கத்துச் சேவல் சரியில்லை. ஒரு வீட்டில் வெயில் சரியில்லை. ஒரு வீட்டில் மாடிக்காரர் இருமுகிற இருமல் பிடிக்கவில்லை. கூலெத்தில் இருந்த வீட்டில் என்ன குறை என்று அவனுக்கே இன்றுவரை தெரியாது. ஒரு நாள் காலையில் எழுந்து கால் ஆட்ட ஆரம்பித்தான், அந்த வாரக் கடைசியில் லாரி வந்துவிட்டது. கால் ஆட்டம் தொடங்கினால் நஸீஹா பழைய செய்தித்தாள்களைச் சேர்க்க ஆரம்பித்துவிடுவாள்.

மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்து கணினியைப் போட்டானென்றால் அவன் வேறு ஆள். நாற்பதாயிரம் பேருக்குத் தலைவன். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய உலகம் திரையில் வரைபடமாக விரியும். அந்த விளையாட்டில் ரோமாபுரிக்குச் சக்கரவர்த்தியாக ஆடலாம், பாரசீக மன்னனாகவும் ஆடலாம். இவன் எடுப்பது எப்போதும் வாண்டல் கூட்டத்தைத்தான். சொந்த மண் பறிபோய், பெண்டு பிள்ளை மாடு வண்டியோடு கிளம்பிவிட்ட கூட்டம் அது. அதற்கு அரண்மனை கிடையாது, படைக்குச் சம்பளமும் கிடையாது. ஓர் ஊரைப் பிடித்தால் இரண்டு பொத்தான்கள் வரும். ஒன்றில் ‘சூறையாடு’ என்றிருக்கும், மற்றதில் ‘குடியேறு’ என்றிருக்கும். குடியேறினால் படை கலைந்து ஊர்ச்சனமாகிவிடும். வாள் பிடித்தவன் மறுநாள் ஏர் பிடிப்பான். ஃபௌஸி அந்தப் பொத்தானை ஒரு நாளும் தொட்டதில்லை.

“குடியேறினான்னா தலைவன் செத்தான்” என்பான் ரயில் நிலையத்தில் சக ஓட்டுநர்களிடம். “அப்புறம் சாக்கடை கட்டு, கலகத்த அடக்குன்னு அதே தலவலிதான். நகர்ந்துக்கிட்டே இருக்கிறவன ஒருத்தனும் முற்றுகை போட முடியாது.”

சில நாட்களுக்கு ஒரு முறை ‘உங்கள் மக்கள் களைத்திருக்கிறார்கள்’ என்று திரையில் ஓர் ஓலை வரும். அதைப் படிக்காமலே மூடிவிடுவான். பின்னால் நின்று காய் நறுக்கும் நஸீஹா படித்துவிடுவாள்.

இந்த ரமளானில் அவன் கூட்டம் இதுவரை போகாத தூரம் போயிருந்தது. பனி நாட்டில் கிளம்பி, இன்றைய பிரான்ஸான காலியா முழுவதும் சூறையாடி, ஸ்பெயினில் இறங்கி, கடலைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரையோரமாக வந்துகொண்டிருந்தது. அடுத்து கார்த்தேஜ்தான். அதாவது அவர்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருக்கிற அதே கார்த்தேஜ். மூன்று மாத ஆட்டம். சிகரெட் இல்லாத பகல், காப்பி இல்லாத பகல் எல்லாவற்றையும் இந்தப் படையெடுப்பை வைத்துத்தான் ஓட்டினான்.

நோன்பு இருபத்திரண்டு. மாலை ஆறு மணி இருக்கும். கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரர் ஹாஜி ஷாத்லி. கீழ்த்தளத்தில் இருப்பவர், எழுபது வயது, கையில் சொட்டச் சொட்ட ஒரு ஜிப்பா.

“தம்பி ஃபௌஸி, மாடியில உன் தொட்டி நிரம்பி வழியுதுப்பா. மூணாவது தடவையா என் ஜிப்பா நனையுது. ஒரு மிதவை வால்வு வாங்கிப் போட்டுடு. தண்ணி நிரம்புனா தானா மூடிக்கும்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. பீரங்கி வெடித்து நோன்பு திறப்பதற்கு முந்தின கடைசி மணி நேரம் எப்படிப்பட்டது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரொட்டிக்கடை வரிசையில் அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் நேரம் அது. தவிர, அந்த நிமிஷம் ஃபௌஸியின் முற்றுகைக் கோபுரம் ஒன்று பற்றி எரிந்துகொண்டிருந்தது.

“ஹாஜி, இந்த வீட்டுல மூச்சு விட்டாக்கூட உங்க தலையில சொட்டுதும்பீங்க போலிருக்கே! வேணாம் சாமி. ஈத் பெருநாளுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடறேன். தொட்டிய நீங்களே வச்சுக் கும்மாளம் போடுங்க!”

ஹாஜி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. பீரங்கிக்கு முந்தின பேச்ச நான் எண்ணிக்கிறதில்ல. வெடிச்சப்புறம் சொல்லு” என்று சொல்லிவிட்டு ஈர ஜிப்பாவோடு இறங்கிப் போனார்.

போனவர் சும்மா இருக்கவில்லை. கால் மணி நேரத்தில் அவர் வீட்டிலிருந்து வழக்கம்போல் ஒரு தட்டு மேலே வந்தது. முட்டை வைத்துப் பொரித்த பிரிக் நான்கு, சூடாக. விளிம்பில் நீல மீன்கள் வரைந்த தட்டு.

பீரங்கி வெடித்தது. ஃபௌஸி பேரீச்சம்பழம் தின்றான், சூப் குடித்தான், அந்த பிரிக்கையும் கூசாமல் தின்றான். இரண்டு சிகரெட் ஊதினான். வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஊர் வழக்கமே அவனுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. அதைத் தன் கையாலேயே சாத்தினான் படுபாவி. பால்கனியில் எட்டி நின்று கீழே பார்த்துக் கத்தினான்:

“ஹாஜி! பீரங்கி வெடிச்சாச்சு, கேட்டுதா? இப்பவும் அதான் சொல்றேன். காலி பண்றேன்!”

கீழே கரண்டிச் சத்தம் நின்றது. அந்தப் பேச்சு கணக்கில் ஏறிவிட்டது என்று தெரு முழுக்கத் தெரிந்துபோனது.

மறுநாள் நஸீஹா மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “நீ போ. இந்தத் தடவை நான் வரல.”

“எங்க வரல?”

“நீ போற எடத்துக்கு. நான் இங்கயே இருக்கப்போறேன். ஹாஜிகிட்ட கேட்டுட்டேன், வாடகைப் பத்திரத்த எம்பேர்ல மாத்திக்கறேன்னாரு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் பதிலுக்குக் கத்தியிருப்பான். மாத்திரைச் சீட்டில் வேளை எழுதிக் கொடுக்கிற குரலில் சொன்னாள். அவன் சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்காமல் படியிறங்கினாள். அன்று ரயிலில் ஒரு நிலையத்தில் கதவை மூட மறந்து, பயணிகள் சத்தம் போட்ட பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

இருந்தாலும் வீறாப்பு விடவில்லை. துனிஸ் ஏரிக்கு அந்தப் பக்கம் ராதிஸில் ஒரு வீடு இருப்பதாக யாரோ சொன்னார்கள். ரயில் பாதையை விட்டே அப்பால் போகிற முதல் வீடு. நோன்பு இருபத்தாறு அன்று மூன்றரை மணிக்கு வந்தவுடன், சாமான் கட்டலாமென்று அலமாரி மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கினான். அது ஒவ்வொரு வீட்டுக்கும் பிரிக்காமலே வந்துகொண்டிருந்த பெட்டி. உள்ளே செய்தித்தாள் சுற்றிய தட்டுகள் இருந்தன. ஒன்றுக்கொன்று பொருந்தாத எட்டுத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு.

“என்னது இதெல்லாம்? நம்மளுது இல்லயே?”

நஸீஹா அன்று விடுப்பில் இருந்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இல்லதான். இந்தப் பச்சைத் தட்டு மர்ஸா மஹ்ரஸியா அக்காவோடது. நம்ம மொத வீடு. குஸ்குஸ் குடுத்தனுப்பினாங்க. இது கூலெத்துல மீன்கார வீட்டுது. இது ஆமினா டீச்சர் வீட்டுது. தட்டு வந்தா வெறுந்தட்டா திருப்பக்கூடாதில்ல? ஏதாவது செஞ்சு வச்சுத்தான குடுக்கணும். நான் செய்யறதுக்குள்ள நீ லாரியோட வந்து நிப்ப.”

“அப்பவே சொல்றதுதான?”

“ஹாரன் அடிச்சிக்கிட்டிருப்ப. என்னத்தச் சொல்றது?” அவள் கணினியைக் காட்டினாள். “நீ அந்தப் பொட்டிக்குள்ள ஊர் ஊரா அடிச்ச. வெளிய நான்தான் தட்டுக் கொள்ளக்காரி. எட்டு வீட்டுல என்னப் பத்தி என்ன நெனச்சிருப்பாங்கன்னு ஒரு நாளாவது யோசிச்சியா? ஹாஜியோட மீன் தட்ட மட்டும் இந்தப் பெட்டிக்குள்ள வைக்க மாட்டேன் ஃபௌஸி. நீ என்ன வேணா பண்ணிக்க.”

அவன் கணினி முன்னால் போய் உட்கார்ந்து கால் ஆட்டினான். கார்த்தேஜ் மதில் அரை மணி நேரத்தில் விழுந்தது. இரண்டு பொத்தான்களும் வந்தன. விரல் பழக்கத்தில் ‘சூறையாடு’ மேல் போய் நின்றது. திரையில் அந்தச் சின்ன வளைகுடா, அதை ஒட்டித் தீக்குச்சித் தலை அளவில் வீடுகள். ஜன்னலில் பார்த்தால் அதே வளைகுடா. அந்த நேரம் பார்த்து ராதிஸ்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். வேறு ஆளும் வீடு பார்க்க வருகிறான், உடனே வந்தால் ஆச்சு என்றார். பொத்தானை அமுக்காமலே எழுந்து ஓடினான்.

ராதிஸ் வீடு நன்றாகத்தான் இருந்தது. காற்று வந்தது, சேவல் எதுவும் கூவவில்லை. வீட்டுக்காரர் சாவியை ஆட்டிக்கொண்டே கேட்டார்: “இப்ப இருக்கிற வீட்டுல என்ன குறை?”

ஃபௌஸி யோசித்தான். சொல்லத்தக்கதாக ஒரு ஈர ஜிப்பாதான் நினைவுக்கு வந்தது.

“குறை ஒண்ணுமில்ல.”

“அப்ப ஏன் மாறுறீங்க?” என்று அந்த மனுஷர் சந்தேகமாகப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான். வழியெல்லாம், நாளைக்கு அந்த வீட்டில் தனியாக ஒற்றைத் தட்டு வைத்துத் தின்பதை நினைத்துப் பார்த்தான். பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஆறே கால். நஸீஹா அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை மவுஸின் மேல்.

“என்ன பண்ணின?” என்று பாய்ந்தான்.

திரையில் அவன் படை இல்லை. குதிரைகள் இல்லை, வண்டிகள் இல்லை. கார்த்தேஜ் கோட்டை மேல் அவன் கொடி மட்டும் பறந்தது. பக்கத்தில் மக்கள்தொகை நாற்பதாயிரம் கூடியிருந்தது.

“குடியேத்திட்டேன்” என்றாள்.

“அடிப்பாவி! மூணு மாசம்! மூணு மாசமாடீ அதுங்கள ஒவ்வொண்ணா...”

“தெரியும். மூணு மாசமா நானும்தான் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருக்கேன். களைச்சுப் போச்சு களைச்சுப் போச்சுன்னு எத்தன ஓலை வந்துச்சு, நீ ஒண்ணாவது படிச்சியா? பழச சேமிச்சு வச்சிருப்பயில்ல, வேணும்னா போட்டு மாத்திக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது சரி. முந்தின நாள் சேமித்த ஆட்டம் இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் நாற்பதாயிரம் பேரும் மறுபடி வண்டி கட்டுவார்கள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கால் ஆட ஆரம்பித்தது. திரையின் மூலையில் புதிதாக ஓர் ஓலை வந்திருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அதைப் பிரித்துப் படித்தான். ‘உங்கள் மக்கள் உறங்குகிறார்கள்’ என்று இருந்தது.

இரண்டு தடவை படித்தான். பிறகு கணினியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனான். மேசையில் அந்த மீன் தட்டு கழுவி வைத்திருந்தது. நஸீஹா மக்ரூத் செய்திருந்தாள், பேரீச்சை வைத்துத் தேனில் நனைத்த ரவைப் பலகாரம். அவன் அதை எடுத்துத் தட்டு நிறைய அடுக்கினான். அவள் மேலே இன்னும் இரண்டு வைத்தாள்.

கீழே கதவைத் திறந்த ஹாஜி முதலில் தட்டைப் பார்த்தார், பிறகு அவனை.

“ஹாஜி, அந்த வால்வு எந்தக் கடையில கிடைக்கும்? நாளைக்கே போட்டுடறேன். நாங்க எங்கயும் போகல. அன்னிக்குப் பேசினதுக்கு மன்னிச்சிடுங்க.”

ஹாஜி கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“ஆறு நிமிஷம் இருக்கு. பீரங்கிக்கு முந்தின பேச்ச நான் எண்ணிக்கிறதில்ல, தெரியுமில்ல?”

உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. ஃபௌஸி தட்டை ஏந்திக்கொண்டு வாசலிலேயே நின்றான். தெருவில் கடைசி ரொட்டிக்காரன் சைக்கிளில் பறந்தான். எங்கோ ஒரு குழந்தை பசிக்கு அழுதது. தேன் விளிம்பில் வழிந்து விரலில் ஒட்டியது. இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் அசையாமல் நின்ற நினைவு அவனுக்கு இல்லை. கால் ஆடத்தான் பார்த்தது, தட்டு சரியும் என்று அடக்கிக்கொண்டான்.

கூலெத் கோட்டைப் பக்கமிருந்து பீரங்கி வெடித்தது.

“வால்வு எங்க கிடைக்கும் ஹாஜி?” என்றான், வாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல். “நாங்க எங்கயும் போகல.”

ஹாஜி தட்டை வாங்கிக்கொண்டார். அவன் கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தார்.

“மொதல்ல நோன்பத் தெற. கடை நாளைக்குத்தான்.”

வெறுங்கையோடு மேலே ஏறினான். நஸீஹா இரண்டு கிண்ணத்தில் சூப் ஊற்றி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

“தட்டு?”

“குடுத்துட்டேன்.”

அவள் கண் கலங்கியது. அதை மறைக்க முந்திக்கொண்டு பேசினாள்.

“இன்னும் எட்டு இருக்கு. எல்லாம் உன் ரயில் போற வழிதான்.”